கங்கம்மா இல்லாத இரண்டாம் பாகம்

சத்தியவேட்டில், ஸ்ரீ சிட்டி கம்பெனிகளுக்குப் போகிற ஆட்கள் தங்கும் ஒரு மாடி அறையில் ஒரு வாரமாக ஒரே சண்டை. அடிதடி இல்லை, வாய்ச்சண்டைதான். ஒரு கம்ப்யூட்டர் கேமின் இரண்டாம் பாகம் நன்றாக இருக்கிறதா, குப்பையா என்று. ஊரில் இருக்கிற கவலையெல்லாம் தீர்ந்துபோய் இவர்களுக்கு இது ஒன்றுதான் மிச்சமா என்று கீழ்வீட்டு லட்சுமம்மா படியேறும்போதெல்லாம் முணுமுணுத்தாள்.

நன்றாக இருக்கிறது என்றவன் பவன்குமார். பாகாலாவில் பிறந்த தெலுங்குப் பையன்; இஞ்சினீயரிங்கைப் பாதியில் விட்டவன்; லேப்டாப் அவனுடையது. குப்பை என்றவன் முனிகிருஷ்ணன். பவனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவன். கார் ஒயர் கட்டுகிற கம்பெனியில் லைன் லீடர். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. கேமைப் பற்றி இத்தனை வாய் பேசுகிறவன், அம்மா கன்னியம்மாள் போன் செய்து ஒரு பெண் இருக்கிறது என்று ஆரம்பித்தால் மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவான். வருஷக்கணக்காக இதே கதைதான். அவளும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள்.

கேமின் பெயர் ‘லாஸ்ட் வெல்’, அதாவது கடைசிக் கிணறு. சூரியன் ஒருநாள் சீறியதில் உலகத்து மெஷின் எல்லாம் வெந்து, ஊர்கள் அழிந்த பிறகு நடக்கிற கதை. மிச்சமிருக்கிற ஜனங்கள் கிணறுகளைச் சுற்றிப் பிழைக்கிறார்கள். காணாமல்போன அக்காவைத் தேடி ஒருத்தன் கிணறு கிணறாக நடக்கிறான். அந்த ஒருத்தன்தான் நாம். வழியில் சுடலாம், திருடலாம், பேசலாம். பேசினால் எதிரில் இருப்பவர் ஏதாவது கேட்பார். திரையில் ஒன்று, இரண்டு என்று பதில்கள் வரும். நமக்குப் பிடித்ததை அழுத்த வேண்டும். அழுத்தியதற்குத் தக்கபடி கதை திரும்பும்.

முதல் பாகம் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது வந்திருப்பது இரண்டாம் பாகம். முனிகிருஷ்ணன் நியாயம் தெரியாதவன் இல்லை, நல்லதை நல்லது என்றுதான் சொன்னான். மணல் பறந்தால் கண்ணைக் கசக்கத் தோன்றுகிறது. சாயங்காலம் ஆனால் நிழல் நீளுகிறது. துப்பாக்கி சுட்டால் கை அதிர்கிற மாதிரியே இருக்கிறது. பின்னாலேயே ஒரு நாய் வருகிறது, அது நொண்டும்போது பாவமாக இருக்கிறது. எல்லாவற்றையும்விட அவனுக்குப் பிடித்தது வீடு கட்டுவது. முதல் பாகத்தில் நடந்துகொண்டே இருக்கலாம், எங்கேயும் தங்க முடியாது. இதில் கல்லும் தகரமும் பொறுக்கி நாமே வீடு கட்டிக்கொள்ளலாம். நைட் ஷிப்ட் முடிந்து வந்து காலையில் தின்பதைத் தின்றுவிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் அவன் ஏழாவது கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு வீடு கட்டினான். திண்டாடித் திண்டாடி இரண்டு கட்டில் போட்டான். எதற்கு இரண்டு என்று பவன் கேட்டதற்கு, நாய்க்கு என்றான்.

குறை என்று பார்த்தால் அதுவும் கொட்டிக்கிடந்தது. ஆட்கள் திடீரென்று முழங்கால்வரை மண்ணில் புதைந்துபோய் அப்படியே நின்று பேசினார்கள். சேவ் பண்ணி வைத்தது சிலநாள் திறக்கவே மாட்டேன் என்றது. கிணற்றின் பெயரில் கேமை வைத்துவிட்டுத் தாகம் என்பதையே எடுத்துவிட்டான்கள். எங்கே போக வேண்டும் என்று தலைக்குமேல் ஒரு அம்புக்குறி காட்டிக்கொண்டே இருக்கிறது, யாரையும் வழி கேட்க வேண்டியதில்லை. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. நான்கு பதில் வரும், எதை அழுத்தினாலும் கடைசியில் ஒரே இடத்தில் கொண்டுபோய் விடும்.

“எல்லாரும் வேல குடுக்கறான், அதக் கொண்டா இதச் சுடுன்னு. ஒருத்தன்கூட நம்மள ஒண்ணும் கேக்கல நைனா” என்றான் முனிகிருஷ்ணன்.

கேட்டு என்ன ஆகப்போகிறது, சண்டை நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது பவனின் கட்சி. ஆனால் முனிகிருஷ்ணனுடைய கோபத்துக்கு அடியில் இருந்த சங்கதி வேறு. அவன் இந்த இரண்டாம் பாகத்தில் ஒருத்தியைத் தேடிக்கொண்டிருந்தான். முதல் பாகத்தில் ஏழாவது கிணற்றைக் காத்த கங்கம்மா. அவள் இருக்கிறாளா, தன்னை நினைவு வைத்திருக்கிறாளா, அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியது. கிணறு இருந்த இடத்தில் இருந்தது. அதன்மேல் ‘ஹாரிஸ் கிணறு’ என்று ஒரு பலகை தொங்கியது. எவனோ ஒரு ஹாரிஸ் அவளிடமிருந்து கிணற்றைப் பிடுங்கிக்கொண்டான் என்று முனிகிருஷ்ணனுக்கு வயிற்றெரிச்சல். அவள் எங்கிருந்தாலும் தன் கிணற்றுக்கு ஒருநாள் திரும்பி வந்தாக வேண்டுமே என்றுதான் பக்கத்திலேயே வீடு கட்டினான்.

கங்கம்மாவின் கதையைச் சொல்ல வேண்டுமானால் நகரிக்குப் போக வேண்டும்.

முனிகிருஷ்ணனுடைய ஊர் எல்லையோரத்துக் காலனி. அப்பனுக்குக் காணி நிலம் கிடையாது, அடுத்தவன் வயலில்தான் பாடு. தெலுங்கு மீடியத்தில் பத்தாவது தேறாமல் நின்ற பையனை நகரியில் ஒரு பவர்லூமில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நகரியில் தறித்தெரு என்றால் காலையிலிருந்து காது அடைத்துப்போகும். பக்கத்தில் நிற்கிறவனிடம் பேச வேண்டுமானால் கையைத்தான் ஆட்ட வேண்டும். மத்தியானம் கரண்ட் கட் ஆனால் தெரு மொத்தமும் ஒரே நிமிஷத்தில் அடங்கும். அப்போது நாலாவது வீட்டில் ஒருத்தர் இருமினால்கூட இங்கே கேட்கும். தறிக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து வாசல்களில் உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்தத் தெருமுனையில் செங்கல்வராயன் என்பவர் எஸ்.டி.டி. பூத்தோடு சேர்த்து ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். பேட்டரி இருந்ததால் கரண்ட் இல்லாத நேரத்திலும் ஒரு கம்ப்யூட்டர் மட்டும் ஓடும். அவர் சாப்பிடப் போகும்போது அக்கா மகள் அகிலாவை உட்கார வைத்துவிட்டுப் போவார். அகிலா இண்டர், அதாவது ப்ளஸ் டூ, முடித்து கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவள், நெசவுக்காரர் வீட்டுப் பெண். பையன்களை இழுக்க செங்கல்வராயன் சென்னையிலிருந்து நாலைந்து கேம் சிடி வாங்கி வந்திருந்தார். பையன்கள் கார் ரேஸைப் பிடித்துக்கொண்டார்கள். ‘லாஸ்ட் வெல்’ பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டிய கேம் என்பதால் அதைச் சீந்த ஆளில்லை.

முனிகிருஷ்ணன் ஒருநாள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தான். காலனிப் பையன் உள்ளே வந்து உட்காரலாமா என்று அந்தத் தெருவில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே அவனுக்குத் தெரியும். அகிலா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவ்வளவுதான் நடந்தது, ஆனால் அவன் ஆயுசுக்கும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து கரண்ட் கட் ஆகும் நேரமெல்லாம் அவர்கள் அந்தக் கேமை ஆடினார்கள். மவுஸ் அவன் கையில். நம்பர் பட்டன்கள் அவள் கையில். இங்கிலீஷ் அவனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூட வராது. அவள் திரையைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போவாள். கிழவன் பேசினால் கிழவன் குரல், திருடன் பேசினால் திருடன் குரல். கதவு விரியத் திறந்துதான் இருக்கும். வாசல்களில் உட்கார்ந்திருக்கும் தறிக்காரர்களுக்கெல்லாம் அவள் படிப்பது கேட்கும். கதை கேட்கிற மாதிரி அவர்களும் கேட்டார்கள். தப்பாக நினைக்க அதில் எதுவும் இல்லை.

ஏழாவது கிணற்றில் கங்கம்மா வந்தாள். திரையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு, தலையோடு துணி போர்த்திய ஓர் உருவம். கங்கம்மா என்று வெள்ளைக்காரன் பெயர் வைப்பானா என்று முனிகிருஷ்ணனுக்கு ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. பெயரையும் சேர்த்துத் தமிழாக்கிச் சொல்கிறாள் என்று எண்ணிக்கொண்டான். மற்றவர்களெல்லாம் வேலை சொல்வார்கள், சண்டைக்கு வருவார்கள். கங்கம்மா மட்டும் விசாரித்தாள். இன்றைக்கு என்ன சாப்பிட்டாய், கையில் என்ன காயம், உங்கள் அம்மா உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவாள். அவன் அவசரமாகப் பதில் சொல்வான், அகிலா ஏதோ ஒரு பட்டனை அழுத்துவாள். அகிலாவிடம் பேசும்போது அவன் நீங்க என்பான். கங்கம்மாவிடம் பேசும்போது நீ என்பான். கேம்தானே.

அகிலாவை அவனுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளக்கூட அவனுக்குத் துணிச்சல் இல்லை. அதனால் அந்தப் பிரியத்தையெல்லாம் கொண்டுபோய் கங்கம்மாமேல் கொட்டினான். ராத்திரி படுத்தால் அந்தக் கிணறுதான் கண்ணில் நிற்கும்.

ஆனி மாதம் ஒரு மத்தியானம் அகிலா வெகுநேரம் திரையைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு கங்கம்மா பேசினாள்.

“சத்தம் நின்னா எனக்கு ஒருத்தர் செருப்புச் சத்தம் மட்டும் கேக்குது. அது யாருதுன்னு எனக்குத் தெரியும். ஆடி பொறக்கறதுக்குள்ள இந்தக் கிணத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. நீ இங்கியே இருக்கறியா, போய்டறியா?”

படித்துவிட்டு அகிலா பதில்களையும் சொன்னாள். ஒன்று, இருக்கிறேன். இரண்டு, போகிறேன். அவள் விரல் பட்டன்களுக்குமேல் நின்றது.

“ரெண்டு” என்றான் முனிகிருஷ்ணன்.

அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. நல்லா யோசிச்சிக்கோ என்றாள். அக்காவைத் தேட வேண்டாமா, போய்விட்டு அப்புறம் வந்துகொள்ளலாம் என்று அவன் சொன்னான். இவளிடம் திரும்பி வர முடியாது என்றாள் அகிலா.

“அப்ப சேவ் பண்ணி வச்சிடுங்க. எங்க போய்டப் போறா” என்று அவன் சிரித்தான்.

அகிலா இரண்டை அழுத்தினாள். பிறகு அவன் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. தெரு முழுக்கத் தறிகள் ஒரே மூச்சில் அடிக்க ஆரம்பித்தன. அவள் உதடு அசைந்தது, ஒரு எழுத்துகூடக் காதில் விழவில்லை. நாளைக்கு வா என்றுதான் சொல்கிறாள் என்று நினைத்து அவன் தலையை ஆட்டிவிட்டுத் தன் தறிக்கு ஓடினான்.

மறுநாள் நாற்காலியில் செங்கல்வராயன் இருந்தார். அதற்கடுத்த நாளும் அவர்தான். ஆனி முடிவதற்குள் அகிலாவுக்கும் பெங்களூரில் வேலையிலிருந்த சொந்தக்காரப் பையன் ஒருவனுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. தறிக்கு லீவு விட்டு எல்லாரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். முனிகிருஷ்ணன் போகவில்லை, யாரும் அவனைக் கூப்பிடவுமில்லை. நல்ல இடம், நன்றாக இருக்கட்டும் என்று அவன் மனதாரத்தான் நினைத்தான். அழுகை வந்தது, அது கேமை முடிக்காமல் போனதற்கு என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டான். ஆள் அப்படிப்பட்டவன்.

அப்புறம் பல வேலை. திருப்பதியில் லாட்ஜ், சென்னையில் வெல்டிங் பட்டறை, கடைசியில் ஸ்ரீ சிட்டி வந்து ஒயர் கம்பெனியில் நிலைத்தான். லைனில் மாட்டியிருக்கும் அட்டைகளைப் படித்துப் படித்து இங்கிலீஷ் வந்தது. போன இடத்திலெல்லாம் கங்கம்மா கதையைச் சொல்லாமல் அவன் இருந்ததில்லை. ஒரு கேமில் கிணறு காக்கிற பெண் நம்மிடம் சாப்பிட்டாயா என்று கேட்பாள் தெரியுமா என்பான். பெண் பார்க்கலாமா என்று கன்னியம்மாள் கேட்கும்போதெல்லாம் அவன் மனதில் குறுக்கே வந்து நின்றதும் அதுதான். அப்படி அக்கறையாகக் கேட்க ஒருத்தி வரட்டும் என்று காத்திருந்தான். அம்மாவிடம் இதைச் சொன்னால் செருப்பால் அடிப்பாள் என்று தெரியும், அதனால் வேலை இருக்கிறது என்று சொல்லிப் போனை வைப்பான்.

இப்போது சண்டைக்கு வருவோம். ஒரு வாரம் கேட்டுக் கேட்டுப் பவனுக்கு அலுத்துவிட்டது. அப்படி என்ன பொல்லாத முதல் பாகம், பார்த்துவிடலாம் என்று நெட்டில் தேடி இறக்கினான். பழைய கேம், ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வந்துவிட்டது. ஷிப்ட் முடிந்த காலை, லட்சுமம்மா கீழே துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இருவரும் தரையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

ஆரம்பத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. கிழவன் சொன்னது அகிலா சொன்னதுதான். திருடன் மிரட்டியது அகிலா மிரட்டியதுதான். அடுத்து என்ன வரும் என்று முனிகிருஷ்ணன் முன்கூட்டியே சொல்ல, அதுவே வரவும் பவன் அசந்துபோனான். இரண்டாம் பாகத்தைவிட இதில் பேச்சு எவ்வளவோ மேல் என்று அவனே ஒப்புக்கொண்டான். முனிகிருஷ்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஏழாவது கிணறு வரட்டும் பாரு என்றான்.

ஏழாவது கிணறு வந்தது. தலையோடு துணி போர்த்திய அதே உருவம். முனிகிருஷ்ணன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். பவன் அதன்மேல் கிளிக் செய்தான்.

திரையில் ஒரே ஒரு வரி வந்தது. தண்ணீர் குறைவாக இருக்கிறது, வாங்கு, இல்லையென்றால் நட. அதற்குக் கீழே ஒன்று, தண்ணீர் வாங்குகிறேன். இரண்டு, போகிறேன். பெயர் இருக்கும் இடத்தில் ஹாரிஸ் என்று இருந்தது.

“லேதண்ணா, இது பொம்பளையே இல்ல. கெழவன். தாடி இருக்குது பாரு” என்று பவன் சிரித்தான்.

இது வேறு சிடி, நகரியில் இருந்தது வேறு என்றான் முனிகிருஷ்ணன். திரும்பப் போய் வா, மூன்றாவது தடவைதான் அவள் பேசுவாள் என்றான். பவன் போய் வந்தான். இரவில் போ என்றான், பவன் இரவில் போனான். காயத்தோடு போ என்றான். பவன் வேண்டுமென்றே அடிவாங்கி ரத்தம் சொட்டப் போய் நின்றான். தண்ணீர் குறைவாக இருக்கிறது, வாங்கு, இல்லையென்றால் நட.

பவன் மறுபடி சிரிக்கத் திரும்பியவன், முனிகிருஷ்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

மற்ற எல்லாரையும் அகிலா ஒழுங்காகப் படித்திருக்கிறாள். அக்கா தொலைந்த கதை சரி, கிழவன் சரி, திருடன் சரி. இங்கிலீஷ் தெரியாமல் உளறியவள் இல்லை அவள். இந்த ஒரு கிணற்றில் மட்டும் திரையில் இருந்ததை விட்டுவிட்டாள். கரண்ட் இல்லாத நேரத்தில் தெரு முழுக்கக் காதாக இருந்தது. கரண்ட் வந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காது. காலனிப் பையனிடம் தறிக்காரர் மகள் தன் வாயால் ஒரு கேள்வி கேட்க அந்தத் தெருவில் வேறு நேரமும் இல்லை, வேறு வழியும் இல்லை. எல்லார் காதும் கேட்க, கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு அவள் கேட்டிருக்கிறாள். சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறாள். செருப்புச் சத்தம் தெரியும் என்று சொல்லியிருக்கிறாள். வெள்ளைக்காரன் கேமில் ஆடி மாதம் எங்கிருந்து வந்தது என்று இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவன் யோசிக்கவில்லை.

முனிகிருஷ்ணனுக்கு, இப்படியும் ஒரு மடையன் இருப்பானா என்று தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. வந்தது அவளுக்கான கண்ணீரா, அந்த இருபது வயதுப் பையனுக்கான கண்ணீரா, தெரியவில்லை. கேட்காமல் போன அந்தக் கடைசிப் பேச்சுதான் திரும்பத் திரும்ப வந்தது. அவள் உதடு எப்படி அசைந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை.

பவனுக்கு விஷயம் முழுதாகப் புரியவில்லை. ஆனாலும் பையன் நல்லவன். என்ன செய்வது என்று தெரியாமல், அந்த ரெண்டு பதிலும் இன்னும் திரையில் நிற்பதைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்.

“இன்னா அழுத்தட்டும்ண்ணா? ஒண்ணா, ரெண்டா?”

முனிகிருஷ்ணன் ஒண்ணு என்றான். பவன் ஒன்றை அழுத்தினான். ஹாரிஸ் தண்ணீர் கொடுத்தான். அதோடு பேச்சு முடிந்தது, பெட்டி மூடிக்கொண்டது. கிழவன் பழையபடி கிணற்றைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

கீழே லட்சுமம்மா துணி துவைக்கிற சத்தம் நின்றிருந்தது. பவன் முதல் பாகத்தை மூடினான். இரண்டாம் பாகத்தைத் திறக்கலாமா, அந்த வீட்டில் இன்னும் கூரை பாக்கி இருக்கிறதே என்றான். அப்புறம் ஒரு வாரச் சண்டையை எப்படியாவது முடித்துவைக்க நினைத்தவன்போல, நீ சொன்னதுதான் சரி, இரண்டாம் பாகம் குப்பைதான் என்று விட்டுக்கொடுத்தான்.

முனிகிருஷ்ணன் வேண்டாமென்று தலையாட்டினான்.

“ரெண்டாம் பாகத்துல கொற ஒண்ணும் இல்ல நைனா” என்றான். “மொதல் பாகத்துலதான் நான் தப்பா சொல்லிட்டேன்.”